பாட்டை வைத்துப் பரிணாமம் சொல்லிக்கொடுப்பது: எது பிடிபடுகிறது, எது குழப்புகிறது?

செங்காந்தள் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். அடுத்து வரும் பாடம் பரிணாமம். எனக்கு இதில் ஒரே ஒரு கவலை. இயற்கைத் தேர்வுக்கு வரையறை கேட்டால் பிள்ளைகள் வரி பிசகாமல் சொல்லிவிடுகிறார்கள். "ஒரு பூச்சிக்கொல்லி சில வருடங்களில் பலனில்லாமல் போகிறதே, ஏன்?" என்று கேட்டால் மட்டும் "மருந்து பூச்சிக்குப் பழகிவிட்டது, அது தன்னை மாற்றிக்கொண்டது" என்று எழுதுகிறார்கள். மருந்துக்குத் தாங்கும் பூச்சிகள் முன்பே ஒன்றிரண்டு இருந்தன, மற்றவை செத்த பிறகு அவற்றின் வாரிசுகள் பெருகின என்ற எண்ணம் உள்ளே இறங்குவதே இல்லை.

இவர்கள் நாள் முழுக்கப் பாட்டு கேட்கிறவர்கள். அதை வகுப்புக்குள் கொண்டுவரலாம் என்று பார்க்கிறேன். இரண்டு வழி தோன்றுகிறது. ஒன்று, பரிணாமத்தைப் பற்றிய ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுப்பது. மற்றொன்று, பாட்டுகள் மாறிவரும் விதத்தையே பரிணாமத்துக்கு எடுத்துக்காட்டாக வைப்பது. எது நல்லது? யாராவது முயன்றிருக்கிறீர்களா?

தாளக்கட்டு எழுதியது:

டீச்சர், கட்டாயம் முதல் வழி. மெட்டோடு சேர்ந்த வரி சும்மா மறக்காது. ஒரு மெட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அடுத்த வரியில் எத்தனை அசை, எங்கே எதுகை என்று மனமே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும். அந்த எதிர்பார்ப்புதான் சொல்லை இழுத்துக் கொண்டுவருகிறது.

உலக அளவிலும் முன்மாதிரி இருக்கிறது. 2009 டார்வின் பிறந்த 200ஆம் ஆண்டு. அதையொட்டி, பர்மிங்காம் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் மார்க் பாலன், கனடாவின் ராப் பாடகர் பாபா பிரிங்க்மனிடம் பரிணாமத்தைப் பற்றி ஒரு ராப் நிகழ்ச்சி செய்யச் சொல்லிக் கேட்டார். வரிகளில் அறிவியல் சரியாக இருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொடுத்தார். எடின்பரோ விழா மேடை வரை போன நிகழ்ச்சி அது. ராக் இசையிலும் ஆட்கள் உண்டு. பேட் ரிலிஜன் குழுவின் பாடகர் கிரெக் கிராஃபின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, பரிணாமம் பாடமும் நடத்தியவர். புதைபடிவப் பறவை ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நைட்விஷ் என்ற ஃபின்லாந்துக் குழு 2015இல் முழு ஆல்பத்தையே இதற்காகச் செய்தது. தலைப்பு டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் கடைசி வாக்கியத்திலிருந்து எடுத்தது.

நானும் ஒரு சரணம் போட்டுப் பார்த்தேன். கானா மெட்டில் உட்காரும்:

எட்டாத இலைக்கு ஏங்கி ஏங்கி
எட்டி எட்டிப் பார்த்ததாலே
கட்டைக் கழுத்து நீண்டு நீண்டு
கிட்ட வந்தது கிளையின் மேலே

ஒட்டகச்சிவிங்கியை நினைத்து எழுதியது. எப்படி?

நுண்ணோக்கி எழுதியது:

தம்பி, சந்தம் அருமை. ஆனால் செங்காந்தள் டீச்சர் எதை ஒழிக்க வேண்டும் என்கிறாரோ, அதையே இந்த நான்கு வரியும் சொல்கின்றன. ஏங்கியதால் கழுத்து நீண்டது, எட்டிப் பார்த்ததால் நீண்டது. ஒரே விலங்கு தன் வாழ்நாளில் முயன்று மாறுகிறது, அந்த மாற்றம் பிள்ளைக்கும் போகிறது. இது டார்வினுக்கு முந்தைய பிரெஞ்சு அறிஞர் லமார்க்கின் விளக்கம். இயற்கைத் தேர்வில் எந்தத் தனி விலங்கும் மாறுவதில்லை. கூட்டத்தில் எந்த வகை எத்தனை இருக்கிறது என்ற விகிதம்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது.

மெட்டு மறக்காது என்கிறீர்கள். அதனால்தான் எனக்குப் பயம். பாடப்புத்தகத்தில் தவறு இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். பாட்டில் தவறு இருந்தால் முப்பது வருடம் கழித்தும் வாய் அதையே முணுமுணுக்கும். ஓர் உதாரணம் சொல்கிறேன். 1959இல் குழந்தைகளுக்காக வந்த ஓர் அறிவியல் பாட்டு சூரியனை ஒளிரும் வாயுத்திரள் என்று சொன்னது. 'தே மைட் பி ஜயன்ட்ஸ்' குழு அதைப் பிற்பாடு எடுத்துப் பாடிப் பிரபலமாக்கியது. 2009இல் அதே குழு, "வாயு இல்லை, பிளாஸ்மா" என்று திருத்துவதற்கே தனியாக இன்னொரு பாட்டு எழுதி, இரண்டையும் ஒரே ஆல்பத்தில் சேர்த்து வெளியிட்டது. நேர்மையான காரியம். எல்லாத் தவறான பாட்டுக்கும் இப்படித் திருத்தப் பாட்டு வந்து சேராது.

படக்காட்சிகள் இன்னும் மோசம். 1999இல் ஃபேட்பாய் ஸ்லிம் பாட்டொன்றுக்கு வந்த வீடியோவில் ஒற்றைச் செல் மீனாகி, குரங்காகி, மனிதனாகி நிற்கிறது. நான்கு நிமிடத்துக்குள் ஒரே கோட்டில் ஓட்டம். பார்க்கப் பிரமாதம். பரிணாமம் கிளைவிடும் மரம் என்பது மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

இன்னொன்று. ஒட்டகச்சிவிங்கியை விட்டுவிடுங்கள். அதன் கழுத்து நீண்டதற்கு உயர்ந்த இலை காரணமா, ஆண்கள் கழுத்தால் மோதிச் சண்டையிடுவது காரணமா என்று ஆய்வாளர்களிடையே வாதம் நடந்துகொண்டிருக்கிறது. கண்ணெதிரே நடந்த கதையை எடுங்கள், அதுவும் பாட்டைப் பற்றிய கதையாகவே. ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. அங்குள்ள ஒரு சுவர்க்கோழிப் பூச்சி இனத்தில் ஆண்கள் இறக்கைகளை உரசிப் பாடித்தான் பெண்ணை அழைக்கும். அதே பாட்டைக் கேட்டு ஓர் ஒட்டுண்ணி ஈயும் வரும். அது விடும் புழுக்கள் சுவர்க்கோழியின் உடலுக்குள் புகுந்து தின்று கொன்றுவிடும். மார்லீன் ஜூக் குழுவினர் 2006இல் எழுதியது இதுதான்: இருபது தலைமுறைக்கும் குறைவான காலத்தில், அந்தத் தீவின் ஆண்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பாட முடியாதவை ஆகிவிட்டன. இறக்கையில் ஒலியெழுப்பும் பகுதி ஒரு மரபணு மாற்றத்தால் தட்டையாகிவிட்டது. பாடாததால் ஈ கண்டுபிடிக்கவில்லை. மிச்சமிருக்கும் பாடகர்களின் அருகே போய் உட்கார்ந்து, பாட்டுக்கு வரும் பெண்களோடு அவை சேர்ந்துகொள்கின்றன.

தாளக்கட்டு எழுதியது:

அக்கா, இது போதும். இந்தாங்க:

பாடுற பூச்சியைத் தேடுது ஜோடி
பாட்டைக் கேட்டே ஈயும் வருது ஓடி
பாடாத ஒண்ணும் கூட்டத்தில் இருந்தது
பயந்து இல்லே, றெக்கை அப்படிப் பொறந்தது
ஈயின் காதுக்குத் தப்பிப் பொழச்சது
ஈந்த வாரிசும் அதையே எடுத்தது
தீவில் பாட்டு தேய்ஞ்சே போச்சு
தீர்மானம் போட யாரும் இல்லே, ஆனா ஆச்சு

நுண்ணோக்கி எழுதியது:

நான்காவது வரியும் கடைசி வரியும்தான் இந்தப் பாட்டின் உயிர். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். வேறுபாடு முன்பே கூட்டத்தில் இருந்தது, பிழைப்பதில் வித்தியாசம் வந்தது, வாரிசுக்குப் போனது, விகிதம் மாறியது. நான்கும் வரிசையாக வந்துவிட்டன. டீச்சர் கேட்ட பூச்சிக்கொல்லிக் கேள்விக்கும் இதே நான்கு படிதான் பதில்.

பழைய ரேடியோ எழுதியது:

இரண்டாவது வழியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

1969இல் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. பின்பக்கப் பாட்டின் நடுவே கிரெகரி கோல்மன் தனியாக நான்கு சுற்று டிரம்ஸ் வாசிக்கிறார். ஏழு வினாடிக்கு மேல் இருக்காது. 'ஏமன் பிரேக்' என்பார்கள். 1980களில் ஹிப்ஹாப் ஆட்கள் அதை வெட்டியெடுத்தார்கள். வேகம் குறைத்து ஓட்டினார்கள். 1990களில் ஜங்கிள், டிரம் அண்ட் பாஸ் வகைகளில் அதையே வேகம் கூட்டி, துண்டுதுண்டாக நறுக்கி, இடம் மாற்றிக் கோத்தார்கள். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் இப்போது அது இருக்கிறது. வாசித்த மனிதருக்கு அதிலிருந்து பணம் எதுவும் வரவில்லை, 2006இல் வறுமையில் இறந்தார். இது பாடத்துக்கு வெளியே உள்ள செய்திதான், ஆனாலும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பாடத்துக்கு வருகிறேன். இந்தத் துண்டைக் கொண்ட ஆறு பாட்டை, ஆண்டு சொல்லாமல் போட்டுக்காட்டுங்கள். எது எதற்கு உறவு, எது எதிலிருந்து வந்திருக்கும் என்று மரம் வரையச் சொல்லுங்கள். மூலத் துண்டு எல்லாவற்றிலும் இருப்பதால் அதை வைத்து யாரையும் பிரிக்க முடியாது. இரண்டில் மட்டும் ஒரே இடத்தில் ஒரே வெட்டு விழுந்திருந்தால், அந்த இரண்டும் நெருங்கிய சொந்தம். உயிரினங்களை வகைப்படுத்தும்போதும் பொதுவாக எல்லாருக்கும் இருக்கும் பழைய பண்பை விட்டுவிட்டு, சிலர் மட்டும் பகிரும் புதிய பண்பைத்தானே பார்க்கிறார்கள்? காதால் கேட்டு இதைச் செய்த பிள்ளைக்கு, முதுகெலும்பிகளில் முதுகெலும்பு எல்லாருக்கும் உண்டு, முடி பாலூட்டிக்கு மட்டும் என்பது உடனே விளங்கும்.

ஐயவினா எழுதியது:

கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. பாட்டை மாற்றுவது மனிதன். யோசித்து, விரும்பி, ஒரு நோக்கத்தோடு மாற்றுகிறான். அதைப் பரிணாமத்துக்கு உதாரணமாக வைத்தால், உயிரினங்களுக்குப் பின்னாலும் ஓர் இசையமைப்பாளர் உட்கார்ந்திருக்கிறார் என்றுதானே பிள்ளை நினைக்கும்? தாளக்கட்டு தம்பியின் கடைசி வரி துடைத்ததை நீங்கள் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவருகிறீர்கள்.

இரண்டாவது தடை. பாட்டு யாரிடமிருந்தும் எதையும் கடன் வாங்கும். ராக் பாட்டில் ராப் நுழையும். பூனை வாத்திடமிருந்து சிறகைக் கடன் வாங்க முடியுமா? உங்கள் ஆறு பாட்டில் ஒன்று, மற்ற இரண்டையும் கேட்டுவிட்டு இரண்டிலிருந்தும் எடுத்திருந்தால் மரம் வரையவே முடியாது. வலைதான் வரும்.

பழைய ரேடியோ எழுதியது:

நல்ல கேள்வி, ஐயா. இரண்டாவது தடையை நான் அப்படியே ஏற்கிறேன். நைல்ஸ் எல்ட்ரெட்ஜ் இதே சிக்கலில் கைவைத்தவர். ஸ்டீவன் ஜே கூல்டோடு சேர்ந்து 1972இல் 'நிறுத்தி நிறுத்திப் பாயும் சமநிலை' என்ற கருத்தை, அதாவது உயிரினங்கள் நெடுங்காலம் பெரிதாக மாறாமல் இருந்து, குறுகிய காலத்தில் வேகமாக மாறும் என்பதை முன்வைத்தாரே, அவரேதான். கார்னெட் என்ற ஊதுகருவிகளைச் சேகரிப்பவர். உயிரினங்களுக்கு மரம் வரையும் முறையிலேயே கார்னெட்டுகளையும் ஆராய்ந்து, கருவி செய்பவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்வதால் கிளைகள் பின்னிக்கொள்கின்றன என்று 2007இல் இலியா டெம்கினோடு சேர்ந்து எழுதினார். ஆனால் மரம் உடையும் இடத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்தால் அது பாடத்தின் வெற்றிதானே?

நுண்ணோக்கி எழுதியது:

பூனைக்கும் வாத்துக்கும் கடன் இல்லை, சரி. பாக்டீரியாக்களுக்கு உண்டு. நோய் எதிர்மருந்தைத் தாங்கும் மரபணுவை ஒரு பாக்டீரியா வேறோர் இனத்து பாக்டீரியாவுக்கே கைமாற்றும். ஆகவே மரம் எங்கே பொருந்தும், வலை எங்கே பொருந்தும் என்று பிரித்துக் காட்ட ஏமன் பிரேக் நல்ல வாய்ப்பு.

ஆனால் ஐயவினா சாரின் முதல் தடை கனமானது. அதைத் தாண்டாமல் இரண்டாவது வழியில் இறங்கக் கூடாது.

வால்மீன் எழுதியது:

அந்தத் தடையைத் தாண்ட ஒரு சோதனையே நடத்தியிருக்கிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 'டார்வின்டியூன்ஸ்' என்ற பெயரில். பாப் மெக்கல்லம், அர்மான்ட் லெராய் குழுவினர். 2012இல் கட்டுரை வந்தது.

கணினி எட்டு வினாடி ஒலித்துண்டுகள் நூறு வைத்திருக்கும். தொடக்கத்தில் வெறும் இரைச்சல். இணையத்தில் கேட்பவர்கள் மதிப்பெண் மட்டும் போடுவார்கள். அதிகம் பிடித்தவை இணைந்து, சற்றே மாறிய குட்டிகளைப் போடும். பிடிக்காதவை அழியும். கிட்டத்தட்ட 7000 பேர் மதிப்பெண் போட்டார்கள், 2500 தலைமுறைக்கு மேல் ஓடியது. இசையமைப்பாளர் என்று ஒருவர்கூட இல்லை. முதல் சில நூறு தலைமுறைகளிலேயே கேட்கத் தகுந்த சுருதிச் சேர்க்கையும் தாளமும் வந்துவிட்டன. அப்புறம் முன்னேற்றம் தேங்கியது. நல்ல துண்டுகள் இணையும்போது அவற்றின் நல்ல சேர்க்கையே கலைந்துபோவதை ஒரு காரணமாகச் சொன்னார்கள். எல்லாரும் வளர்ச்சியைக் காட்டுவார்கள், எனக்கு அந்தத் தேக்கம்தான் பாடத்துக்குத் தேவையான பகுதி என்று படுகிறது. பரிணாமம் என்றால் மேலே மேலே ஏறுவது என்ற நினைப்பு அங்கே உடைகிறது.

ஐயவினா எழுதியது:

மதிப்பெண் போடுவது மனிதக் காதுதானே? அதுவும் ஒரு விருப்பம்தான்.

நுண்ணோக்கி எழுதியது:

ஆமாம், அது செயற்கைத் தேர்வு. டார்வினும் அங்கிருந்துதான் தொடங்கினார். 1859 நூலின் முதல் அத்தியாயம் மனிதர் வளர்க்கும் விலங்குகள், தாவரங்களைப் பற்றியது, அதில் புறா வளர்ப்பவர்களுக்குப் பெரிய இடம் உண்டு. தேர்ந்தெடுப்பவர் ஒருவர் இருக்கும் இடத்தை முதலில் காட்டி, பிறகு அந்த ஆளை எடுத்துவிட்டு, அவர் இடத்தில் பசி, நோய், எதிரி, குளிர் ஆகியவற்றை வைக்கிறார். வகுப்பிலும் அந்த வரிசை நல்லது. முதலில் டார்வின்டியூன்ஸ், பிறகு கவாய்ச் சுவர்க்கோழி. முதலாவதில் மதிப்பெண் போடும் காது மனிதனுடையது. இரண்டாவதில் இரை தேடும் ஈயினுடையது.

செங்காந்தள் எழுதியது:

இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் வகுப்பில் கணினி கிடையாது. பிள்ளைகள் கையால் செய்யும்படி ஏதாவது உண்டா?

வால்மீன் எழுதியது:

கைதட்டல் போதும் டீச்சர். ஆந்திரியா ரவிஞானி, சைமன் கிர்பி ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இசைப் பயிற்சி இல்லாதவர்களிடம் ஒழுங்கே இல்லாத தட்டல் வரிசையைக் கொடுத்து அப்படியே திருப்பித் தட்டச் சொன்னார்கள். அவர் தட்டியது அடுத்தவருக்குப் பாடம், அவர் தட்டியது அதற்கடுத்தவருக்கு. சங்கிலி நீள நீள, கற்க எளிதான தாளமாக அது திரண்டுவிட்டது. உலக இசைகளில் பரவலாகக் காணும் தாள இயல்புகளே அதில் தோன்றின. யாரும் தாளம் அமைக்க நினைக்கவில்லை, பார்த்து நகல் எடுக்கத்தான் முயன்றார்கள். நினைவில் நிற்காதது உதிர்ந்தது, நின்றது கடந்து போனது.

வகுப்பை இரண்டு வரிசையாகப் பிரியுங்கள். இரண்டுக்கும் ஒரே தொடக்கத் தட்டல். ஒரு வரிசை மற்றொன்றைக் கேட்காதபடி வெளியே அனுப்புங்கள். கடைசி ஆள் தட்டுவதை இரண்டு பக்கமும் ஒப்பிட்டால் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். பிரிந்துபோன இரண்டு கூட்டங்கள் தனித்தனிப் பாதையில் போவது இதுதான். ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் இடைப்பட்ட தலைமுறைகள் காற்றோடு போய்விடும்.

ஐயவினா எழுதியது:

இந்த விளையாட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன். நோக்கம் இல்லாமல் மாற்றம் வருவதைப் பிள்ளை தன் கையிலேயே பார்க்கும்.

தாளக்கட்டு எழுதியது:

நகல் எடுக்கும்போது எந்த ஸ்வரம் மாறும், எது மாறாது என்பதிலும் ஏதாவது ஒழுங்கு உண்டா? மேடையில் பாடும்போது நான் பார்த்தவரை, வரி முடியும் ஸ்வரத்தில் யாரும் கைவைப்பதில்லை. நடுவில்தான் ஆளாளுக்குச் சுற்றுவார்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

நீங்கள் மேடையில் பார்த்ததை எண்ணிக்கையில் காட்டியிருக்கிறார்கள், தம்பி. பேட்ரிக் சாவேஜ் குழுவினர் 2022இல் ஆங்கில, ஜப்பானிய நாட்டுப்புற மெட்டுகள் பத்தாயிரத்துக்கு மேல் எடுத்து, புரத வரிசைகளை ஒப்பிடும் முறையிலேயே ஒப்பிட்டார்கள். மெட்டில் முக்கிய வேலை செய்யும் ஸ்வரங்கள் குறைவாகவே மாறுகின்றன. மாறினாலும் தொலைவிலுள்ள ஸ்வரத்துக்குத் தாவுவதைவிடப் பக்கத்து ஸ்வரத்துக்கே அதிகம் போகின்றன. புரதங்களிலும் அப்படித்தான். வேலை நடக்கும் மையத்தில் உள்ள அமினோ அமிலம் கோடிக்கணக்கான ஆண்டுகள் மாறாமல் கிடக்கும், ஓரத்தில் உள்ளவை மாறிக்கொண்டே இருக்கும். தொடர்பில்லாத இரு மரபுகளில் ஒரே ஒழுங்கு தென்பட்டதுதான் எனக்கு வியப்பு.

பழைய ரேடியோ எழுதியது:

மேல்வகுப்பு மாணவர்களுக்கு இன்னொன்று. மத்தியாஸ் மாவ்ச், லெராய் குழுவினர் 2015இல், பிரபலமான பாட்டுகளை வரிசைப்படுத்தும் அமெரிக்க பில்போர்டு ஹாட் 100 பட்டியலின் 1960 முதல் 2010 வரையிலான சுமார் 17,000 பாட்டுகளைக் கணினியால் அலசினார்கள். இசை படிப்படியாக மாறியிருந்தாலும் 1964, 1983, 1991 ஆகிய மூன்று ஆண்டுகளையொட்டிப் பெரும் பாய்ச்சல் என்றார்கள். 1991தான் மூன்றிலும் பெரியது, ராப் பட்டியலுக்குள் பெருகிய காலம். எல்ட்ரெட்ஜ், கூல்ட் கருத்தோடு வைத்துப் பேசலாம்.

இதில் ஒரு நுணுக்கம். கடைகளும் வானொலி நிலையங்களும் சொல்லும் தகவலை நம்பியிருந்த அந்தப் பட்டியல், 1991 இறுதியில்தான் கருவிவழி விற்பனைப் பதிவுக்கும் ஒலிபரப்பைத் தானாகக் கண்டறியும் முறைக்கும் மாறியது. அப்படியானால் மாறியது இசையா, அளவுகோலா, இரண்டுமா? புதைபடிவங்களுக்கும் இதே கேள்வி உண்டு. ஒரு பாறை அடுக்கில் திடீரென்று புதிய உயிரினங்கள் தெரிந்தால், அவை அப்போதுதான் தோன்றினவா, அல்லது அப்போதுதான் பாதுகாக்கப்படும் சூழல் வந்ததா என்று கேட்டே ஆக வேண்டும்.

செங்காந்தள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. என் வரிசை இப்படி: முதலில் கைதட்டல் சங்கிலி. அடுத்து டார்வின்டியூன்ஸ் கதை, ஒலித்துண்டுகளை என் கைபேசியிலேயே போட்டுக் காட்டிவிடுவேன். பிறகு சுவர்க்கோழி, அதோடு தாளக்கட்டின் பாட்டு. பாட்டை முதலில் வைக்கப்போவதில்லை. விஷயம் புரிந்த பிறகு பாடினால்தான் அந்த நான்காவது வரி அவர்கள் காதில் விழும். கடைசியில் ஐயவினா சார் சொன்ன தடைகளையே கேள்வியாகக் கொடுத்து, பாட்டும் உயிரினமும் எங்கெல்லாம் ஒத்துப்போகவில்லை என்று எழுதச் சொல்வேன். பூச்சிக்கொல்லிக் கேள்வியைப் பாடத்துக்கு முன்பும் பின்பும் கேட்டு விடைகளை ஒப்பிடுவேன். வேறு எதைச் சோதிக்கலாம்?

நுண்ணோக்கி எழுதியது:

திமிங்கிலத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. 1996இல் மேற்குக் கரைப் பாட்டைச் சில திமிங்கிலங்கள் அங்கே பாடத் தொடங்க, 1998க்குள் கிழக்கே எல்லாமே புதிய பாட்டுக்கு மாறிவிட்டன. "இந்த மாற்றமும் சுவர்க்கோழி மாற்றமும் ஒன்றா?" என்று கேளுங்கள். திமிங்கிலம் தன் வாழ்நாளிலேயே கேட்டுக் கற்று மாற்றியது, சுவர்க்கோழியில் பாடாதவற்றின் வாரிசுகள் பெருகின. ஒன்று கற்றலால் வந்தது, மற்றது மரபணுவால். இதைப் பிரித்து எழுதும் பிள்ளை "பூச்சிக்கு மருந்து பழகிவிட்டது" என்று இனி எழுத மாட்டாது.

தாளக்கட்டு தம்பிக்கு ஒரு வேலை. பக்கத்திலுள்ள ஓஹூ தீவிலும் பாடாத சுவர்க்கோழிகள் பிறகு தோன்றின. இறக்கை வேறு விதமாக மாறியிருந்தது, மரபணு மாற்றமும் தனியாக நிகழ்ந்தது. ஒரே நெருக்கடி, இரு தீவுகளில் இரு வேறு வழி, ஒரே விளைவு. இதற்கு ஒரு சரணம் வேண்டும்.

தாளக்கட்டு எழுதியது:

அதே மெட்டில் வேண்டாம் அக்கா. வழி வேறு என்றால் தாளமும் வேறாக இருக்கட்டும். முதல் சரணம் நான்கு எண்ணிக்கையில் போகிறது, இதை மூன்றில் எடுத்து, கடைசி வரியில் மட்டும் பழைய மெட்டோடு சேர்க்கிறேன். நாளை இரவு இங்கேயே போடுகிறேன், அறிவியலைப் பார்த்துச் சொல்லுங்கள்.